மழை நாளில் நிற்காத மெஷின்

மாப்ள துளசி,

நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். கேட்டால், "மொதல்ல எங்கெல்லாம் இல்லைன்னு பாரு மாப்ள, பாதி வேலை முடிஞ்சிரும்" என்பாய். பார்த்துவிட்டேன். திருநகர் பட்டறையில் நீ இல்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் இல்லை. என் பைக்கின் பின் சீட்டிலும் இல்லை, ஆனாலும் வேகத்தடை வரும்போதெல்லாம் உன் முதுகுவலிக்காக மெதுவாகத்தான் ஏற்றி இறக்குகிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரத்தில் மட்டும் சில நாள் வருகிறாய். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிரே நிற்கிறாய்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இதை நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் இரண்டு வரி சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு விவசாய வீட்டில் பிறந்தவன். நீ மதுரை டவுனில், வீட்டுக்குள் சௌராஷ்டிரா பேசும் குடும்பத்துப் பிள்ளை. கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் இருவருக்கும் ஒரே பெஞ்ச். படித்து முடித்து ஆளுக்கொரு கம்பெனியில் சில வருடம் அல்லாடிவிட்டு, மில் மெஷின்களின் மின்சாரக் கோளாறுகளைச் சரிசெய்ய ஒரு பட்டறை போட்டோம். பட்டறை ஒன்றுதான். வேலை பார்க்கும் முறை இரண்டு.

என் முறை எல்லோருக்கும் தெரியும். மெஷின் நின்றுவிட்டது என்று போன் வந்தால், நான் போய்ச் சேருவதற்குள் காரணம் எனக்குத் தெரிந்துவிடும். போனதும் கழற்றுவேன், மாற்றுவேன், ஓடவிடுவேன். நீயோ முதல் பத்து நிமிடம் மெஷினைத் தொடக்கூட மாட்டாய். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவாய். பிறகு நோட்டை எடுத்து, பக்கத்தின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் 'நிற்கும்போது' என்றும் வலப்பக்கம் 'நிற்காதபோது' என்றும் எழுதுவாய். "பிரதட்சணம் முடிஞ்சுச்சா மாப்ள, விபூதி குடுக்கவா?" என்று எத்தனை தடவை உன்னைக் கேலி செய்திருப்பேன்! நீ தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே இருப்பாய்.

கல்லுப்பட்டி அரிசி ஆலை ஞாபகம் இருக்கிறதா? மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். நான் ஒரே மூச்சில் மூன்று சாமான்களை மாற்றினேன், மோட்டார் ஓடியது, மோரும் குடித்துவிட்டு வந்தேன். "மூணுல எதுனால ஓடுச்சு?" என்றாய் நீ. "ஓடுச்சுல்ல, அது பத்தாதா?" என்றேன். "எதுனால ஓடுதுன்னு தெரியாம விட்டுட்டு வந்தா, எதுனால நிக்கிதுன்னும் தெரியாதே மாப்ள" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாய். எட்டாம் நாள் அது நின்றது. நீ போய் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்தாய். நான் கழற்றிப் போட்ட மூன்றும் நல்ல சாமான்கள்தான், வேறோர் இடத்தில் ஒரு ஸ்குரூ மட்டும் தளர்ந்திருந்தது. அதை நீ யாரிடமும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நீ எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை. இருபது வருடம் பக்கத்திலேயே இருந்தும் கற்றுக்கொள்ளாததை, நீ இல்லாதபோது போன ஐப்பசியில் ஒரே நாளில் கற்றேன். அந்தச் செய்தியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையிலிருந்து கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். அங்கே ஒரு சிம்ப்ளக்ஸ் மெஷின், பஞ்சுப் பட்டையை மெல்லிய திரியாக இழுத்துச் சுற்றுவது. திரி அறுந்தால் அதில் இருக்கும் சென்சார் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தும். ஆயுத பூஜை முடிந்த வாரத்திலிருந்து அந்த மெஷின் சாயங்காலம் ஆனால் நின்று நின்று ஓடுகிறதாம். போய்ப் பார்த்தால் ஒரு திரியும் அறுந்திருக்காது. அதுவும் மத்தியானம் இரண்டு மணி ஷிப்டில் மட்டும், முத்துமாரி என்ற ஒரே பெண்ணின் கையில் மட்டும்.

காலையில் கிளம்பினேன். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. நாகமலை ஈரமாக இருந்தது, அதன் மேல் வெள்ளையாக ஏதோ படுத்திருந்தது, மேகமா பனியா என்று தெரியவில்லை. தென்னந்தோப்புகளுக்கு நடுவே ரோடு போய்க்கொண்டே இருந்தது. வயலெல்லாம் தண்ணீர் நின்று வானம் கீழேயும் மேலேயும் ஒரே மாதிரி இருந்தது. நீ பின்னால் உட்கார்ந்து ஏதோ சொல்வது போலவும் காற்றில் எனக்கு அது கேட்காதது போலவும் இருந்தது. "என்ன மாப்ள?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்தில் போன டிவிஎஸ் ஃபிப்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு முந்திப் போனார்.

மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர் வரவேற்றார். நல்ல மனிதர், அவசரக்காரர், கிட்டத்தட்ட என்னைப் போல. சென்சாரை ஏற்கெனவே ஒரு தடவை புதிதாக மாற்றியும் பார்த்துவிட்டார்களாம். நான் எல்லாவற்றையும் சோதித்தேன். மின்சாரம் சரி, வயர்கள் சரி, சென்சார் சரி. பஞ்சு அடைத்திருக்குமோ என்று ஊதியும் பார்த்தேன். மெஷின் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. பதினொரு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது.

"அதான் சார், மெஷின்ல ஒண்ணும் இல்ல. அந்தப் புள்ளையே நிப்பாட்டிட்டுப் போன் பேசப் போயிருது. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா நாங்க பாத்துக்கிருவோம்" என்றார் மாஸ்டர். தயாராக டைப் அடித்து வைத்திருந்தார்கள். 'மெஷினில் எந்தக் குறையும் இல்லை, நிறுத்தம் இயக்குபவரின் செயல்.' கீழே என் பெயருக்கு இடம். அந்தக் கையெழுத்து விழுந்தால் நாளையிலிருந்து முத்துமாரிக்கு வேலை இல்லை என்பதை அவர் மறைக்கவும் இல்லை.

பேனாவை எடுத்துவிட்டேன் மாப்ள. பொய் சொல்லக்கூடாது உன்னிடம். நான் பார்த்தவரையில் மெஷினில் குறை இல்லைதானே? கையெழுத்துப் போட்டால் சாப்பாட்டுக்குத் திருநகர் போய்விடலாம். பேனா மூடியைக் கழற்றும்போது, அந்த இரைச்சலுக்கு நடுவில், நீ நிற்பது போல ஒரு நினைப்பு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெஷினுக்கு அந்தப் பக்கம். கோபமெல்லாம் இல்லை. நேரம் இருக்கிறது என்பது போல ஒரு நிற்றல். மெஷின் நிற்காத நேரத்தில் வந்து, மெஷின் நிற்கவில்லை என்று எழுதித்தர எனக்கு எதற்குப் படிப்பு என்று அப்போதுதான் தோன்றியது. "சாயங்காலம் பாத்துட்டுப் போடுறேன் சார்" என்றேன். மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை.

முத்துமாரி இரண்டு மணிக்கு வந்தாள். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். கணவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, காலையில் அவருக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதால் எப்போதும் இரண்டு மணி ஷிப்டையே கேட்டு வாங்கிக்கொள்கிறவள். என்னைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னைய அனுப்புறதுக்கு எழுதிக் குடுக்க வந்த ஆளாண்ணே நீங்க?" என்றாள்.

"இன்னும் எழுதலம்மா. எப்பெப்ப நிக்கிதுன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

அவள் டிபன் பையிலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்தாள். தினசரி நாள்காட்டியில் கிழிக்கிற தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் எழுதியிருந்தாள். 'நாலே காலுக்கு நின்னுச்சு, நாலரைக்கு நின்னுச்சு, பெறகு நிக்கல.' 'இன்னைக்கி நிக்கல. மழ. கொட எடுக்கல.' "நாளைக்கு ஆரும் கேட்டா சொல்றதுக்கு வேணும்ல? ஆனா ஆரும் கேக்கலண்ணே" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ நோட்டுப் போட்டுச் செய்ததை, அந்தப் பெண் யாரும் சொல்லாமல் கேலண்டர் தாளில் செய்து வைத்திருக்கிறாள். இருபது வருடம் உன்னோடு இருந்து நான் ஒரு தாள்கூட எழுதியதில்லை.

திரி சுற்றும் பாபின்களைப் போடுகிற பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, தாள்களை இரண்டு வரிசையாக அடுக்கினோம். நின்ற நாள் இந்தப் பக்கம், நிற்காத நாள் அந்தப் பக்கம். நான் எதையும் ஊகிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. அவள்தான் முதலில் பார்த்தாள்.

"அண்ணே, நிக்காத அன்னைக்கெல்லாம் மழ பேஞ்சிருக்குல்ல?"

ஆமாம். ஒரு தாளைத் தவிர. அந்த ஒரு நாள் மட்டும் 'நல்ல வெயில். நிக்கல' என்று இருந்தது. பழைய நானாக இருந்தால், அது கிடக்கட்டும் என்று அந்தத் தாளைத் தள்ளி வைத்திருப்பேன். நீ அதைத்தான் முதலில் கையில் எடுப்பாய். "அன்னைக்கு இங்க வேற என்ன நடந்துச்சும்மா? யோசிச்சுச் சொல்லு, அவசரம் இல்ல" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு, "அன்னைக்கு பஞ்சு லோடு வந்துச்சுண்ணே. எறக்க ஆள் இல்லாம லாரி பொழுதுசாயுற மட்டும் அந்தச் செவத்துக்கு வெளியவே நின்னுச்சு" என்று மேற்குப் பக்கம் காட்டினாள். அங்கே ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது.

மழை நாளில் இல்லாதது. லாரி நின்ற நாளில் இல்லாதது. காரணம் எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனாலும் சொல்லவில்லை மாப்ள, யாரிடமும் சொல்லவில்லை. மாஸ்டரைக் கூட்டிவந்து, மெஷினுக்குப் பக்கத்தில் மூன்று பேரும் சும்மா நின்றோம்.

நாலு மணிக்குப் பிறகு வெயில் அந்த ஜன்னல் வழியாக உள்ளே இறங்கியது. ஒரு பெரிய பொன் பலகையைச் சாய்த்து வைத்தது போல இருந்தது. அதற்குள் பஞ்சுத் துகள்கள், மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் மிதந்துகொண்டிருந்தன. அவ்வளவு இரைச்சலிலும் அந்த வெளிச்சம் மட்டும் சத்தமே இல்லாத ஓர் இடமாக இருந்தது. தரையில் நகர்ந்தது, பாபின் பெட்டியின் மேல் ஏறியது, மெஷினின் காலைத் தொட்டது. நான் என்ன வேலைக்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. நீ இருந்திருந்தால் பேசாமல் என் தோளில் கை போட்டிருப்பாய். வெயில் சென்சாரின் கண்ணில் போய் விழுந்தது. மெஷின் நின்றது.

ஓர் அட்டையை எடுத்து வெயிலை மறைத்தேன். வேறு எதையும் தொடவில்லை. முத்துமாரி பட்டனை அழுத்தினாள், மெஷின் ஓடியது. அட்டையை எடுத்தேன், நின்றது. மறைத்தேன், ஓடியது. மூன்று தடவை. நான்காவது தடவை மாஸ்டரிடமே அட்டையைக் கொடுத்தேன், அவரும் மறைத்து எடுத்துப் பார்த்தார். பளிச்சென்ற வெயிலில் அந்த சென்சாருக்குக் கண் கூசி, திரி அறுந்துவிட்டதாக நினைத்து நிறுத்திவிடுகிறது. அம்புட்டுத்தான்.

இந்த இடத்தில் நான் கடையைக் கட்டியிருக்கலாம். ஆனால் நீ விடமாட்டாயே. ஜன்னல் பல வருடமாக அங்கேதான் இருக்கிறது, வெயிலும் புதிதில்லை, ஆயுத பூஜைக்குப் பிறகு மட்டும் ஏன்? ஜன்னலை நிமிர்ந்து பார்த்தேன். மற்ற ஜன்னல்கள் எண்ணெயும் பஞ்சும் படிந்து பழுப்பேறிக் கிடந்தன. இது ஒன்று மட்டும் கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குத் துப்புரவாக இருந்தது.

"இந்தக் கண்ணாடிய ஆரு தொடச்சது?" என்றேன்.

முத்துமாரியின் முகம் வாடிவிட்டது. "நாந்தேண்ணே. பூசைக்கு அவங்கவங்க மெஷினத் தொடச்சுச் சந்தனம் வச்சோம். ஏம் மெஷினுக்கு நேரா இருக்குன்னு ஏணி போட்டு ஏறி, இதையுஞ் சோப்புப் போட்டுக் கழுவுனேன்."

மாஸ்டர் உடனே திரும்பினார். "அப்ப இவதான சார் காரணம்?"

நான் அவரிடம், சென்சாரை வெயில் படும் இடத்தில் மறைப்பு இல்லாமல் மாட்டியதுதான் குறை, இத்தனை வருடமும் அழுக்குதான் அந்தக் குறையை மறைத்துவந்தது என்று பொறுமையாகச் சொன்னேன். பொறுமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். கண்ணாடி கழுவிய வரி வந்ததும் பேனா நின்றுவிட்டது. எழுதினால் அதையே பிடித்துக்கொண்டு அவளை அனுப்பிவிட்டால்? எழுதாமல் விட்டாலும் யாருக்குத் தெரியப்போகிறது? வெயில் பட்டது, மறைப்புப் போட்டோம் என்று முடித்துவிடலாம். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்கண்ணே" என்றாள். "நாந்தேன் கழுவுனேன். நிப்பாட்டுனேன்னு சொன்னாங்க பாருங்க, அது பொய்யி. இது உள்ளது. உள்ளதுக்கு நான் என்னத்துக்குப் பயப்படணும்?"

எழுதினேன். அவள் பெயரோடு, அவள் தாள்களையும் சேர்த்து. மாஸ்டர் இரண்டு தடவை படித்தார். எழுந்து போய் அந்த ஜன்னலுக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து டைப் அடித்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "மத்த ஜன்னலையெல்லாங் கழுவுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லிரும்மா" என்றார். அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். மெஷினில் ஒரு தகர மறைப்பு போட்டிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஊரே மஞ்சளாக இருந்தது. சந்தோஷத்தில் பாட வேண்டும் போலிருந்தது, ஆனால் வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

பிரேமாவைப் பார்க்க மாதம் ஒரு தடவை போகிறேன். நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல மாட்டேன், சமாளிக்கிறாள். நீ அவளைக் கட்டிய நாளிலிருந்து எனக்கு அவள் தங்கச்சிதான், அவளும் வாய் நிறைய அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். போகும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்பாள். "அன்னைக்கு இன்னுங் கொஞ்சம் சீக்கிரமாக் கூட்டிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாராண்ணே?"

நான் உடனே பதில் சொல்லிவிடுவேன். அதுதானே என் பழக்கம். "எப்பப் போயிருந்தாலும் அதேதேம்மா, டாக்டரே சொன்னாரு" என்று ஒரு தடவை. "வலி வந்ததுமே ஓடுனோம்மா" என்று ஒரு தடவை. "அவன் எங்கிட்ட வலின்னே சொல்லலம்மா" என்று இன்னொரு தடவை. எந்த டாக்டரும் எதுவும் சொல்லவில்லை. போன மாதம் அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணஞ் சொல்றீங்கண்ணே" என்றாள். சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போய்விட்டாள்.

நடந்தது உனக்குத் தெரியும். காலையில் பட்டறையில் உட்கார்ந்திருந்தாய். "மாப்ள, நெஞ்சுக்குள்ள என்னமோ அமுக்குது" என்றாய். நான் கையில் இருந்த வேலையை விட்டுத் தலையைக்கூடத் தூக்கவில்லை. "வாயுடா. ஒரு சோடாவக் குடி, சரியாப்போகும்" என்றேன். எதையும் எழுதிப் பார்க்காமல் நம்பாத நீ, நான் சொன்னதை மட்டும் நம்பி சோடா வாங்கிவரச் சொல்லிக் குடித்தாய். உன்னை ஆட்டோவில் ஏற்றியது அதற்கு ஒன்றரை மணி நேரம் கழித்து. அந்த ஒன்றரை மணி நேரமும் நான் ஒரு பேனலுக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தேன்.

உடனே கிளம்பியிருந்தால் இருந்திருப்பாயா? இரண்டு வருடமாக உன் நோட்டு மாதிரியே கோடு கிழித்து உட்கார்ந்து பார்க்கிறேன். இடப்பக்கம் நடந்ததையெல்லாம் எழுத முடிகிறது. வலப்பக்கம் எழுத ஒன்றுமே இல்லை. அந்த நாளை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்க்க வழியில்லையே, மாப்ள. காரணம் தெரியாத ஒன்றுக்குக் காரணம் சொல்லிச் சொல்லி, மில்லில் போடாத கையெழுத்தை உன் வீட்டில் மாதாமாதம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். காபி வேண்டாம், இப்படி உட்காரும்மா என்று சொல்லப்போகிறேன். அன்று காலையில் நீ பட்டறைக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டியதிலிருந்து ஒவ்வொன்றாக, நடந்த வரிசையிலேயே சொல்வேன். நீ சொன்னதைச் சொல்வேன். நான் சொன்னதையும் சொல்வேன். சோடாவைச் சொல்வேன், ஒன்றரை மணி நேரத்தைச் சொல்வேன். பிழைத்திருப்பாரா என்று அவள் கேட்டால், "தெரியலம்மா" என்று சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிடுவாளா? அதுவும் தெரியாது, மாப்ள.

என்றும் உன் மாப்ள,
தவமணி